பாதியில் நின்ற கை

நூற்றுப் பத்து டிகிரி. கம்பத்தம்மாவின் வலது கை அன்று காலை நின்ற இடம் அது.

பக்கவாட்டில் தொங்கும் கை என்றால் பூஜ்யம். காதை உரசிக்கொண்டு வானத்தைப் பார்க்கும் கை என்றால் நூற்று எண்பதுக்குப் பக்கம். இரண்டுக்கும் நடுவில், தோள் மட்டத்தைக் கொஞ்சம் தாண்டி, தெரிந்தவர் யாரையோ பார்த்து "இருங்க, வந்துட்டேன்" என்று சொல்வதுபோல் அந்தக் கை அந்தரத்தில் நின்றது. அதற்கு மேல் ஒரு அங்குலம் ஏற்ற முயன்றாலும் தோளின் உச்சியில் சுருக்கென்று குத்தியது.

பிசியோதெரபி அறையில் அவரை அளந்துகொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அளவுகோலை மடக்கிச் சட்டைப் பையில் போட்டபடி கேட்டார்: "வீட்டு வேலைக்கு இந்தக் கை போதும் மேடம். உங்களுக்கு எதுக்கு இதுக்கு மேல வேணும்?"

"லாரியை நிறுத்தணும்" என்றார் கம்பத்தம்மா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் போக்குவரத்துக் காவலர். ரயில் நிலையச் சாலை, ஆஸ்பத்திரிச் சாலை, பள்ளிக்கூடச் சாலை, சந்தைச் சாலை ஆகிய நான்கும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பதினாறு வருடம் நின்றவர். அங்கே விளக்குகள் உண்டு. காலை நெரிசலில் அந்த விளக்குகளை ஒருவரும் மதிப்பதில்லை. சிவப்பைக் கண்டும் காணாததுபோல் நகர்வார்கள். ஆனால் நடு மேடையில் நெடுநெடுவென்று நிற்கும் ஒருத்தி கையை உயர்த்தினால், பேருந்துகூடப் பெருமூச்சு விட்டு நின்றுவிடும்.

கம்பம் என்பது பள்ளியில் வந்த பெயர். வகுப்பில் இருந்த பையன்கள் எல்லாரையும்விட அவர் ஒரு சாண் உயரம். கடைசி பெஞ்சு அவருக்கென்றே எழுதிவைத்தது. குழுப் படம் எடுக்க வந்தவர் "அந்தக் கம்பத்தைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க" என்று சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து உயரத்தை மறைப்பதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. தலையை முன்னால் நீட்டி, தோள்களை உள்ளே சுருட்டி, முதுகை வில்லாக வளைத்து நடந்தார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள், பின்னாலிருந்து பார்த்தால் எதையோ தொலைத்துவிட்டுத் தரையில் தேடுகிறவர் மாதிரி ஆகிவிட்டார்.

காவல் துறைக்கு ஆள் எடுத்தபோது தேர்வானதும் அந்த உயரத்தால்தான். பயிற்சி மைதானத்தில் முதல் நாள், வரிசையில் கூனி நின்றவர் முன்னால் ஒருவர் வந்து நின்றார். குள்ளமான ஆள். குரல் மட்டும் மைதானத்தின் அடுத்த மூலையில் கட்டியிருந்த நாயை எழுப்பியது.

"நெஞ்சை நிமிர்த்து! தோளைப் பின்னால இழு! கீழ அழுத்து! கடவுள் குடுத்த உயரத்தை யாருக்குப் பயந்து மடிச்சு வெச்சிருக்க?"

அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. கம்பம் நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் அந்தக் குரல்காரரின் தொப்பிக்கு மேலாக மைதானம் முழுவதும் தெரிந்தது. பயிற்சி முடிந்து இரண்டாம் வருடம் அந்தக் குள்ளமான டிரில் மாஸ்டரையே கல்யாணம் செய்துகொண்டார். "ஏணி வாங்குற செலவு மிச்சம்" என்று மாப்பிள்ளை எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

ஆகவே நிமிர்ந்து நிற்பது என்பது கம்பத்தம்மாவுக்கு வெறும் உடல் விஷயம் அல்ல. பள்ளியில் கேலியாக இருந்த பெயர் நாற்சந்தியில் மரியாதையாக மாறியது அப்படி நின்றதால்தான். "கம்பத்தம்மா நிக்குது, மெதுவாப் போ" என்று ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

கெட்டது கையிலிருந்து தொடங்கவில்லை. ஒரு மழை நாளில் பின்னோக்கி வந்த வேன் ஒன்று அவர் கால் மேல் ஏறி இறங்கியது. பாத எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, ஊன்றுகோல் கொடுத்து, "கால் கூடும் வரைக்கும் உக்கார்ந்த வேலை" என்று கேமரா அறைக்கு அனுப்பினார்கள்.

காவல் நிலையத்தின் பின்பக்கம் இருக்கும் ஜன்னலில்லாத அறை அது. சுவர் நிறையத் திரைகள். மேசை மிகத் தாழ்வு, நாற்காலி அதைவிடத் தாழ்வு, திரைகள் மிகச் சிறியவை. ஒரு வண்டியின் எண்ணைப் படிக்க வேண்டுமென்றால் மூக்கைத் திரையில் வைத்து அழுத்தாத குறை. காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பது. பக்கத்து நாற்காலியில் இருந்த வயர்லெஸ் காவலர் ஒரு நாள் சொன்னார்: "அக்கா, நீங்க வந்தப்போ கம்பம். இப்போ கொக்கி."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கம்பத்தம்மாவால் சிரிக்க முடியவில்லை. கடைசி பெஞ்சு திரும்ப வந்து முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது அவருக்கே தெரிந்தது.

கால் கூடிவிட்டது. ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு நாற்சந்திக்கு ஓடினார். மேடை ஏறி, ரயில் நிலையச் சாலையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கை பாதியில் நின்றது. வலியில் விரல்கள் லேசாக மடங்கின. நிறுத்தச் சொல்லும் கைக்கும் வரச் சொல்லும் கைக்கும் வித்தியாசம் உயரத்தில்தான் இருக்கிறது. பார்சல் கொண்டுபோகும் இளைஞன் ஒருவன் அதை "வா" என்று எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை முறுக்கினான். சந்தைச் சாலையிலிருந்து வந்த பால் வேன் பிரேக் போட்டுக் குறுக்கே நின்றது. நல்லவேளை, உடைந்தது பால் பாக்கெட்டுகள் மட்டும். சாலை வெள்ளையாக ஓட, அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கேட்டான்: "நீங்கதானேம்மா கூப்பிட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. அன்று சாயங்காலம் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "உங்களை அங்கிருந்து எடுக்க எனக்கு மனசு வரல. ஆனா பாதி தூக்கின கையை வெச்சுக்கிட்டு அங்க நிக்க முடியாது. மழைக்காலம் முடியட்டும். ஒரு நாள் காலையில நெரிசல் நேரத்துல நானே வந்து நின்னு பாக்குறேன். கை மேல போச்சுன்னா நாற்சந்தி உங்களுது. போகலைன்னா கேமரா ரூமை நிரந்தரமாப் போட்டுடுவேன். அதுக்கப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கிழிசல் இல்லை, உடைசல் இல்லை. பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். ஆனால் வீட்டிலேயே ஒரு நிபுணர் இருக்கும்போது வெளியே எதற்குப் போவது?

"முதுகு கூனிருச்சு, அவ்வளவுதான். நான் ஒருதடவை நிமிர்த்தினவன், இன்னொருதடவை நிமிர்த்த மாட்டேனா?" என்றார் டிரில் மாஸ்டர்.

மறுநாள் விடியலில் மொட்டை மாடியில் பரேடு தொடங்கியது. காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் கம்பத்தம்மா விறைப்பாக நிற்க, டிரில் மாஸ்டர் விசிலோடு சுற்றி வந்தார். "நெஞ்சு வெளிய! தோள் பின்னால! இன்னும் பின்னால! ரெண்டு தோள்பட்டையும் ஒட்டணும், நடுவுல பேப்பர் வெச்சா விழக் கூடாது! இப்போ கையைத் தூக்கு!"

கை நின்றது.

"இன்னும் இறுக்கு! தூக்கு!"

கை இன்னும் கீழேயே நின்றது. எதிர் மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர் அவர்களைப் பார்த்துத் தானும் நிமிர்ந்து நின்றார். கல்லூரியில் படிக்கும் மகள் போர்வையோடு மாடிக்கு வந்து, "அப்பா, அம்மாவைக் குணப்படுத்துறியா, இல்ல கைது பண்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சில வாரங்கள் போயின. முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததுபோல் தெரிந்தது. ஆனால் கை ஏறவில்லை. சட்டை போடுவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் மகள்தான் அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவை இந்த அறைக்கு இழுத்து வந்தாள்.

பிசியோ தோளைத் தொடவே இல்லை. அது கம்பத்தம்மாவுக்கு முதல் ஆச்சரியம். பின்னால் போய் நின்று, சட்டையின் பின்பக்கத்தைத் தளர்த்தச் சொல்லி, செல்போனில் படம் பிடித்தார். "ரெண்டு கையையும் மெதுவாத் தூக்குங்க… இறக்குங்க… இன்னொருதடவை."

பிறகு அதைக் காட்டினார். நாலு சாலையையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரிந்த கம்பத்தம்மா தன் முதுகைத் தானே பார்த்தது அதுதான் முதல் தடவை. முதுகின் இரண்டு பக்கமும் முக்கோணமாக இரண்டு எலும்புகள். இடது கை ஏறும்போது இடப்பக்க எலும்பின் கீழ்முனை விலா எலும்புகளின் மேல் வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுழன்றது, கதவு திறப்பதுபோல. வலப்பக்க எலும்பு அசையவில்லை. அச்சாணி இறுகினமாதிரி நின்ற இடத்திலேயே நின்றது.

"கை தனியா மேல போறதில்ல மேடம். தோள்பட்டை எலும்பும் கூடவே சுத்தி ஏறணும். அது வரலைன்னா கை பாதியில முட்டி நின்னுடும். முட்டுற இடத்துல வலிக்கும். நீங்க வலிக்கிற இடத்தையே தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க."

"அது ஏன் வரல?"

"அந்த எலும்பு எதுமேல ஓடுது? விலா எலும்புக் கூட்டுமேல. அந்தக் கூடு எதுல மாட்டியிருக்கு? முதுகெலும்புல. உங்க பாஷையில சொன்னா, எலும்பு வண்டி, விலாக்கூடு ரோடு. ரோடு வளைஞ்சு கெடந்தா வண்டி சாய்ஞ்சுதான் ஓடும்." பிசியோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கேமரா ரூம்ல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க. இப்போ கையைத் தூக்குங்க."

தொண்ணூறைத் தாண்டியதும் குத்தியது.

"இப்போ வீட்டுல எப்படி நிக்குறீங்க, காட்டுங்க."

கம்பத்தம்மா எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, தோள்களைப் பின்னால் இழுத்து, கீழே அழுத்திக் காட்டினார். அந்த அறையில் மாட்டியிருந்த எலும்புக்கூடு பொம்மைகூட அவர் பக்கத்தில் சோம்பேறியாகத் தெரிந்தது.

"தூக்குங்க."

கை ஏறவில்லை. இது வேறு மாதிரி நின்றது. முதுகில் யாரோ பிடித்து இழுப்பதுபோல.

"இப்போ ரோடு நேராத்தான் இருக்கு. ஆனா ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீங்க" என்றார் பிசியோ. "ரெண்டு எலும்பையும் பின்னால இழுத்துக் கீழ பூட்டிட்டா அது எப்படிச் சுத்தும்? பரேடுல கை ரெண்டும் தொடையை ஒட்டித்தான் இருக்கும். அங்க இது சரி. கையைத் தூக்குற வேலைக்கு இது ஆகாது. யார் சொல்லிக் குடுத்தா?"

"என் வீட்டுக்காரர்."

"அவரைக் கூட்டிட்டு வாங்க. இப்போ கொஞ்சம் தளர்ந்து நில்லுங்க. உச்சந்தலை மேல போகட்டும், தோளை விட்டுடுங்க."

கம்பத்தம்மாவின் முகம் மாறியது. "மறுபடியும் கூனச் சொல்றீங்களா?"

"கூனச் சொல்லல மேடம், பூட்டைத் திறக்கச் சொல்றேன்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் மூச்சை விட்டு, தோளை விட்டார். பிசியோ பின்னால் நின்று வலப்பக்க எலும்பின் கீழ்முனையில் உள்ளங்கையை வைத்து, கை ஏற ஏற அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொடுத்தார். கை தொண்ணூறைத் தாண்டியது. நூற்றுப் பத்தைத் தாண்டியது. கம்பத்தம்மா வலிக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. கை அதற்குமேலும் கொஞ்ச தூரம் போனபிறகுதான், தாமதமாக வந்த விருந்தாளி மாதிரி, மெல்ல எட்டிப் பார்த்தது.

"எல்லாருக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்" என்று பிசியோ அப்போதே சொல்லிவிட்டார். "நல்லாக் கூனி இருக்கிறவங்க சிலபேர் கையை ஜம்முன்னு தூக்குவாங்க. தோள் வலிக்கு வேற காரணமும் நிறைய இருக்கு. உங்களுக்கு இது வேலை செய்யுது. அதனால இந்த வழியில போவோம்."

அடுத்த முறை டிரில் மாஸ்டர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு கதவோரமாக நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"சார், எத்தனை வருஷமா பயிற்சி குடுக்குறீங்க?"

"உங்க வயசை விடக் கொஞ்சம் கம்மி."

"அப்போ சரியாச் செஞ்சு காட்டுவீங்க. விறைப்பா நில்லுங்க சார், உங்க ஆளுங்களுக்கு எப்படிக் காட்டுவீங்களோ அப்படி."

நின்றார். அப்பழுக்கில்லாத நிலை.

"ஒரு இம்மி விடாம அப்படியே கையைத் தூக்கிக் காதைத் தொடுங்க."

டிரில் மாஸ்டர் தூக்கினார். காதுக்கு ஒரு முழம் முன்னால் கை நின்றது. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை நகரவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வயசாயிருச்சு" என்றார் அவர்.

"இப்போ தளர்ந்து நின்னு தூக்குங்க."

கை சர்ரென்று போய்க் காதில் உரசியது. டிரில் மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார், யாரோ வேறு ஆளின் கையைப் பார்ப்பதுபோல. மறுபடி விறைத்துத் தூக்கிப் பார்த்தார். மறுபடி தளர்ந்து தூக்கிப் பார்த்தார்.

"அப்போ நான் இவளுக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?"

"இல்ல சார். கூனின முதுகை நிமிர்த்தினீங்க, அது நல்லது. அதோட நிறுத்தியிருக்கணும். முதுகு நிமிரவும் வேணும், வளையவும் வேணும், ரெண்டு பக்கமும் திரும்பவும் வேணும். விறைச்சு நிக்குற முதுகும் ஒருவிதத்துல மாட்டிக்கிட்ட முதுகுதான்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது டிரில் மாஸ்டர், மனைவியின் பக்கம் திரும்பாமல், "ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

"சட்டை போடும்போது மட்டும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க விசில் ஊதிக்கிட்டு இருந்தீங்க. எங்க சொல்றது?"

அன்றிலிருந்து மொட்டை மாடியில் விசில் இல்லை. துண்டைச் சுருட்டி முதுகின் மேல்பாதிக்குக் குறுக்கே வைத்து மல்லாந்து படுப்பது முதல் பாடம். முதல் நாள் கம்பத்தம்மாவுக்கு அது துண்டு அல்ல, கட்டை. போகப் போக, மூச்சு விடும்போது முதுகு அதன்மேல் தானாக இளகியது. அடுத்து ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பு அசையாமல் மேலுடம்பை மட்டும் இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். இது அவருக்குப் பிடித்திருந்தது. இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சாலை, அந்தப் பக்கம் சந்தைச் சாலை என்று மனசுக்குள் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே திரும்புவார்.

கஷ்டம் சுவரில் வந்தது. முழங்கையிலிருந்து விரல்வரை சுவரில் ஒட்டி, கைகளை மெல்ல மேலே வழுக்கி, உச்சியில் சுவரைத் தள்ள வேண்டும். அப்போதுதான் அந்த எலும்பைப் பிடித்துச் சுழற்றும் தசைகளுக்கு வேலை. விலாவின் பக்கவாட்டில் ஒன்று, முதுகின் நடுப்பக்கத்தில் ஒன்று. மாதக்கணக்கில் நாற்காலியில் தூங்கிக் கிடந்தவை, எழுப்பினதும் நடுங்கின. பலம் இல்லாமல் நெகிழ்வு மட்டும் வந்து பயனில்லை என்று பிசியோ சொல்லியிருந்தார். கதவு திறந்தால் போதாது, நெரிசல் முடியும்வரை திறந்தே நிற்க வேண்டும். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தார்கள். தவழும் நிலையில் இருந்து தரையைத் தள்ளினார்கள். "தள்ளினார்கள்" என்று எழுதக் காரணம், டிரில் மாஸ்டரும் சேர்ந்துகொண்டதுதான். சொல்லிக்கொடுப்பவர் செய்துகாட்டாமல் இருப்பது அவர் வழக்கம் இல்லை.

கேமரா அறைக்கும் ஒரு நாள் வந்தார் டிரில் மாஸ்டர். திரைகளின் கீழே மரக்கட்டைகளைச் செருகி உயர்த்தினார். நாற்காலியை மாற்றினார். வயர்லெஸ் காவலரிடம், "இவ ஒரே இடத்துல ரொம்ப நேரம் உக்காந்திருந்தா எழுப்பி விடுப்பா" என்றார்.

"சார், அக்காவை நான் அதட்டவா? எனக்குக் குடும்பம் இருக்கு சார்."

கை மேலே போகத் தொடங்கியது. வாரத்துக்கு வாரம் ஒரே மாதிரி அல்ல. ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் அடம்பிடிக்கும். ஆனால் மழை ஓய்ந்த நேரத்தில் சமையலறையின் மேல் தட்டிலிருந்து பெரிய பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தான் என்ன செய்தோம் என்பதே அப்புறம்தான் கம்பத்தம்மாவுக்கு உறைத்தது.

வந்து நின்று பார்க்க இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார்.

"நீங்க வரக் கூடாது" என்று வியாழக்கிழமையே கணவரிடம் சொல்லிவிட்டார் கம்பத்தம்மா. "நீங்க பாத்துக்கிட்டு இருந்தா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

"எனக்கு என்ன வேற வேலை இல்லையா?" என்றார் டிரில் மாஸ்டர்.

வெள்ளிக்கிழமை காலை நாற்சந்தி வழக்கம்போல் கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிப் பேருந்துகள், ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிய வண்டிகள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், கூடைகளோடு சந்தைக்காரர்கள். விளக்குச் சிவப்பு, யாரும் அதைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் மருந்துக் கடைப் படியில் ஏறி நின்றுகொண்டார். கம்பத்தம்மா இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில், பெல்ட்டை இறுக்கி, பளபளக்கும் பூட்ஸோடு மேடை ஏறினார்.

ஏறியதும் உடம்பு தன் பழைய பாடத்தைத் தானே ஒப்பித்தது. பூட்ஸ் ஒட்டியது. நெஞ்சு வெளியே வந்தது. தோள்கள் பின்னால் போய்க் கீழே இறங்கி, முதுகில் இரண்டு பூட்டுகள் சொடுக்கென்று விழுந்தன. மாடியில் துண்டின்மேல் கற்றதெல்லாம் சீருடைக்குள் வர மறுத்தது.

ரயில் நிலையச் சாலையில் ஒரு மணல் லாரி வந்தது. கம்பத்தம்மா கையை உயர்த்தினார்.

கை பாதியில் நின்றது.

லாரி ஓட்டுநர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நிற்கச் சொல்கிறதா, வரச் சொல்கிறதா? வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. குறுக்கே பள்ளிப் பிள்ளைகளின் வரிசை ஒரு காலை நடைபாதையிலிருந்து கீழே வைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு படி இறங்கினார்.

அப்போதுதான் பேப்பர் கடைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஒரு காலத்தில் மைதானத்து நாயை எழுப்பிய அதே குரல்.

"இயல்பா… நில்!"

நாற்சந்தியே ஒரு கணம் கேட்டது. பள்ளிப் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் காலை அகட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, நின்ற இடத்திலேயே நின்றார்கள். கூடை சுமந்த ஒருவர் கூடையை இறக்கி வைத்தார். இவ்வளவு வருடத்தில் அந்தக் குரல் நிமிரச் சொல்லித்தான் கம்பத்தம்மா கேட்டிருக்கிறார். தளரச் சொல்லி அது அவரிடம் கத்தியது இதுதான் முதல் முறை.

மூச்சு வெளியே போனது. விலாக்கூடு இறங்கியது. உச்சந்தலை மேலேயே இருந்தது, தோள்கள் மட்டும் பிடியை விட்டன. கூனவில்லை. லாரி ஓட்டுநரின் கண்ணை நேராகப் பார்க்கும் அளவுக்கு அவர் உயரமாகத்தான் இருந்தார். கையை மறுபடி உயர்த்தினார். முதுகில் அந்த எலும்பு விலாவின் மேல் வழுக்கிப் பக்கவாட்டில் சுழல்வது அவருக்குத் தெரிந்தது. கை தோளைத் தாண்டியது, தொப்பியைத் தாண்டியது. சட்டைக் கை காதோரம் உரச, உள்ளங்கை விரிந்து நின்றது.

லாரி புஸ்ஸென்று காற்றை விட்டு நின்றது. பிள்ளைகள் கடந்தார்கள்.

"யாருய்யா அது, என் ஏரியாவுல எனக்குத் தெரியாம ஆர்டர் போடுறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டிரில் மாஸ்டர் பேப்பர் கடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து சல்யூட் அடித்தார். "பேப்பர் வாங்க வந்தேன் சார்."

"இவ்வளவு சத்தமாவா கேட்டு வாங்குவாங்க?"

"கடைக்காரருக்குக் காது மந்தம் சார்."

"எனக்கு ஒரு மந்தமும் இல்ல" என்றார் கடைக்காரர்.

நெரிசல் முழுவதும் கம்பத்தம்மா நின்றார். கடைசிக் கட்டத்தில் கை களைத்துக் கொஞ்சம் இறங்கியது. இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார். கம்பத்தம்மா இடது கைக்கு மாறினார், அதையும் பார்த்தார். கூட்டம் வடிந்ததும் மேடை அருகே வந்து நின்றார்.

"காலை நேரம் உங்களுது. சாயங்காலம் இப்போதைக்கு வேற ஆள். அந்த நேரம் நீங்க கேமரா ரூம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

"சரி சார்."

"அப்புறம், உங்க வீட்டுக்காரரைப் பேப்பரை வீட்டுக்கே வரவழைக்கச் சொல்லுங்க."

மறுநாள் பிசியோ அளந்தார். நூற்று ஐம்பத்தெட்டு. "மீதி எப்போ வரும்?" என்று கேட்டார் கம்பத்தம்மா. வரலாம், வராமலும் போகலாம், பயிற்சியை விட்டால் இருப்பதும் போகலாம் என்றார் பிசியோ. பிறகு, "லாரி நின்னுச்சுல்ல மேடம்?" என்று கேட்டுவிட்டு, ரப்பர் பட்டையில் இன்னும் கொஞ்சம் தடிமனான ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் கம்பத்தம்மா மேடை ஏறுகிறார். அதற்கு முன்னால் மொட்டை மாடியில் இரண்டு பாய்களின் மேல் இரண்டு துண்டுகள் சுருட்டிப் போட்டிருக்கும். நீளமான பாய் அவருக்கு, குட்டையான பாய் டிரில் மாஸ்டருக்கு.